புதிய லைக்கனுக்குப் பெயர் சூட்டும் முன்: தொடக்க ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலிருந்து லைக்கன் வகைப்பாட்டியலைத் தேடி வரும் இளைஞர்களின் எண்ணிக்கை கூடிவருவது எனக்கு உண்மையான மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அழகர்மலையிலும் சிறுமலையிலும் கொடைக்கானல் சரிவுகளிலும் சேகரித்த மாதிரிகளோடு அவர்கள் வந்து அமரும்போது, என் தலைமுறையினர் செய்து திருந்திய அதே பிழைகள் மீண்டும் மேசைக்கு வருவதைக் காண்கிறேன். உறையில் தேதி எழுதாதது, சேகரித்த இடத்தின் உயரத்தைக் குறிக்காதது போன்றவற்றை எந்த ஆசிரியரும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாமல் விட்டால் ஆண்டுக்கணக்கான உழைப்பைக் கெடுக்கக்கூடியவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஓர் அடிப்படைச் செய்தியை முதலிலேயே மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும், பசும்பாசியோ நீலப்பசும்பாசியோ ஒன்றும் சேர்ந்து நடத்தும் கூட்டுவாழ்க்கை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஷ்வெண்டனர் 1860களின் இறுதியில் இதை முன்வைத்தபோது, அக்காலத்து லைக்கன் அறிஞர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று பெயரிடல் விதிகளின்படி லைக்கனுக்கு இடும் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கு மட்டுமே உரியது. பின்னால் நான் சொல்லவிருக்கும் பெரிய தவறு இந்த விதியை மறந்ததால் விளைந்தது.

கடைப் பெயரைச் சிற்றினப் பெயராக எடுத்துக்கொள்வது

கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கல்பாசி வாங்கி வந்து, அதை ஆய்வேட்டில் "பார்மோட்ரீமா பெர்லேட்டம்" என்று எழுதிவிட்டு, அதன் சாற்றில் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் இருக்கிறதா என்று சோதிக்கும் மாணவர்கள் பலர். நூல்கள் கல்பாசிக்கு அந்தப் பெயரைத் தருவது உண்மைதான். ஆனால் கடைப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வெள்ளைத்தாளில் பரப்பிப் பாருங்கள். பார்மோட்ரீமா பேரினத்தின் வெவ்வேறு சிற்றினங்களும், குறுகிய கிளைகளைக் கொண்ட ஹைப்போட்ராகைனா சிர்ராட்டாவும், சில சமயம் ராமலினாவும் ஒரே பொட்டலத்தில் கலந்து கிடக்கும். சமையலுக்கு இந்தக் கலவையால் குறையில்லை. ஆய்வுக்கு அது பயன்படாது; எந்த உயிரியின் சாற்றைச் சோதித்தோம் என்பதே தெரியாத ஒரு கட்டுரைதான் மிஞ்சும். அந்தப் பொட்டலத்தை இனம் பிரித்துப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட மலிவான பயிற்சி மதுரையில் கிடைக்காது.

சுரண்டி எடுப்பது

பாறையிலோ பட்டையிலோ ஓடு போல் ஒட்டி வளரும் லைக்கன்களைக் கத்தியால் சுரண்டினால் கையில் வருவது தூள்தான். உளியும் சுத்தியலும் கொண்டு பாறைச் சில்லோடு, அல்லது பட்டையின் மெல்லிய சீவலோடு எடுக்க வேண்டும். இவற்றில் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை என்பதால், முழுத் திட்டையும் எடுக்காமல் பாதியையாவது இடத்திலேயே விட்டுவர வேண்டும். சமணர்மலை, அரிட்டாபட்டி போன்ற இடங்களில் பழந்தமிழ்க் கல்வெட்டுகளும் சமணச் சிற்பங்களும் உள்ள பாறைகளின் அருகே உளியை எடுக்கவே கூடாது. அங்கே புகைப்படம் போதும்.

பிளாஸ்டிக் பை

வேண்டாம். காகித உறை மட்டும்.

பழைய பிளீச்சிங் கரைசல்

வில்லியம் நைலாண்டர் 1866இல் அறிமுகப்படுத்திய நிறச் சோதனைகளே இன்றும் நம் முதல் கருவிகள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை கே என்றும், பிளீச்சிங் கரைசலை சி என்றும் குறிக்கிறோம். இவற்றோடு யசுஹிகோ அசாஹினா 1934இல் சேர்த்த பாரா-ஃபினிலின்டைஅமின் சோதனையும் உண்டு. இது தலைமுடிச் சாயங்களில் சேரும் பொருள். தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

இவற்றில் ஏமாற்றுவது சி. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் பிளீச்சிங் கரைசல் வலுவிழந்துவிடும். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த புட்டியில் மணம் எஞ்சியிருக்கும். நிறமாற்றம் தரும் அளவுக்கு வலு இருக்காது. மாணவர் ஒரு துளி விடுகிறார், சிவக்கவில்லை, "சி எதிர்மறை" என்று எழுதிக்கொள்கிறார். பார்மோட்ரீமா ஆஸ்ட்ரோசைனென்ஸ், பார்மோட்ரீமா பிரேசொரீடியோசம் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மடல் விளிம்புகளில் சொரீடியாக்கள் எனப்படும், மாவு போன்ற இனப்பெருக்கத் துகள்கள் இருக்கும். பார்வைக்கு மிகவும் ஒத்தவை. முன்னதன் உட்படலத்தில் லெக்கனோரிக் அமிலம் இருப்பதால் அது சி பட்டவுடன் சிவக்கும். பின்னதில் மாற்றம் இராது. கரைசல் செத்துப்போயிருந்தால் முதலாவது இரண்டாவதாகப் பதிவாகிவிடும்; அந்த இரண்டாவது சிற்றினம் வளராத இடத்தில் நிலவரைபடத்தில் ஒரு புள்ளி விழும்.

இதற்குத் தீர்வு எளியது. பார்மோட்ரீமா டிங்க்டோரம் என்ற, உறுதியாகச் சிவக்கக்கூடிய சிற்றினத்தின் துண்டு ஒன்றை மேசையிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கும்முன் அதன் வெண்ணிற உட்படலத்தைத் திறந்து, சி துளியை முதலில் அதில் விடுங்கள். அது சிவக்காத நாளில் வேறு எதையும் சோதிக்காமல் புதிய கரைசலைக் கலக்குங்கள்.

"கீயில் பொருந்தவில்லை, ஆகவே புதிய சிற்றினம்"

கீ என்பது பண்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிற்றினத்தைக் கண்டறிய உதவும் திறவுகோல். இந்த ஒரு தவறைப் பற்றி நான் நீளமாக எழுதத்தான் போகிறேன். மற்ற தவறுகளை அவற்றைச் செய்தவரே பின்னால் திருத்திக்கொள்ளலாம். இதை அப்படித் திருத்த முடியாது. விதிப்படி வெளியான ஒரு பெயரை, அதை வெளியிட்டவரே வருந்தினாலும், திரும்பப் பெற வழியில்லை. அது இணைப்பெயராகவாவது, அதாவது ஒரே சிற்றினத்துக்கு உள்ள மற்றொரு பெயராகவாவது, நூல்களில் என்றென்றும் இருக்கும். அந்தப் பேரினத்தை இனி ஆராயப்போகும் ஒவ்வொருவரும் அதன் வகைமாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியை, தேடிப்பிடித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அது என்னவென்று முடிவு சொல்லியாக வேண்டும். ஒருவருடைய அவசரத்துக்கு அவரைக் கண்டிராத பலர் தங்கள் காலத்தைச் செலவிடுகிறார்கள்.

நம் பக்கத்து மலையொன்றிலிருந்து அப்படி வெளியான ஒரு பெயரை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. கட்டுரையில் கண்டபடி, பட்டையில் வளரும் சாம்பல் நிற லைக்கன் அது. கறுத்த சிறு கனியுடல்களும், இரண்டு அறைகள் கொண்ட பழுப்பு ஸ்போர்களும் உடையது. அத்தகைய ஸ்போரோடு அத்தகைய தாலஸ் (லைக்கனின் உடல்) வேதியியல் சேர்ந்து வந்ததை யாரும் கண்டதில்லை என்பதே புதுமைக்குச் சொல்லப்பட்ட காரணம். வகைமாதிரியைக் கேட்டுக் கட்டுரையில் குறிப்பிட்டிருந்த காப்பகத்துக்கு எழுதினேன்; அப்படியொரு மாதிரி வந்து சேரவே இல்லை என்று பதில் வந்தது. பல கடிதங்களுக்குப் பிறகு அது வேறோர் ஆய்வகத்தின் அலமாரியிலிருந்து என்னிடம் வந்தது. கனியுடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்த முதல் சீவலிலேயே விடை இருந்தது. கனியுடல்கள் அந்த லைக்கனுடையவை அல்ல. அதன் மேல் ஒட்டுண்ணியாக வளர்ந்திருந்த வேறொரு பூஞ்சையின் இழைகள் தாலஸுக்குள் இறங்கியிருந்தன. லைக்கனின் சொந்தக் கனியுடல்கள் துண்டின் ஓரத்தில், யாரும் தொடாமல், தெளிவாகத் தெரிந்தன. அது இந்தப் பகுதியில் பரவலாகக் காணப்படும் சாதாரணச் சிற்றினம்.

ஆக, வெளியான விவரணையில் ஸ்போர்கள் ஓர் உயிரிக்கும் வேதிப்பொருள் மற்றோர் உயிரிக்கும் உரியவை. இப்படி வகைமாதிரியில் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்திருந்தால், மூல விவரணைக்கு மிக நெருங்கிப் பொருந்தும் பகுதியோடு பெயர் நிற்க வேண்டும் என்கிறது விதி. எந்தப் பகுதி நெருங்கியது என்பதை முடிவு செய்வதே ஒரு தனி ஆய்வாகிவிட்டது. இதற்கிடையில் அந்தப் பெயர், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய அரிய லைக்கன் என்ற குறிப்போடு பட்டியல்களில் ஏறிவிட்டது. காக்கப்பட வேண்டியவை எவை என்று தீர்மானிக்கும் பட்டியலில், உலகில் எங்குமே இல்லாத ஓர் உயிரி இடம்பிடிப்பது சிறிய தீங்கன்று.

இதற்கு மாறான அனுபவமும் எனக்கு உண்டு. சிறுமலையில் சேகரித்த ஒரு மாதிரியோடு வந்த மாணவி, "சார், கீ முழுக்கப் பார்த்துட்டேன், எதுலயும் சேரல" என்றார். பட்டையில் கிறுக்கெழுத்துப் போல் கறுப்புக் கோடுகள் ஓடும் கிராஃபிடேசியே குடும்பத்து லைக்கன் அது. நிறமற்ற ஸ்போர், நீளவாக்கிலும் குறுக்கிலும் அறைகள். எனவே கிராஃபினா என்ற பேரினத்துக்குள் நுழைந்து, அங்கே எந்தச் சிற்றினமும் பொருந்தாமல் நின்றிருந்தார். கட்டுரை வரைவும் தயாராக இருந்தது. நான் அவரைக் காத்திருக்கச் சொன்னேன்.

அவர் கையில் இருந்தது, இந்திய லைக்கனியலின் தந்தை எனப் போற்றப்படும் தரணி தர் அவஸ்தி 1991இல் இந்தியா, நேபாளம், இலங்கைக்கென வெளியிட்ட நுண்லைக்கன் திறவுகோல். அது இல்லாமல் நம்மில் யாரும் இத்துறைக்குள் வந்திருக்க முடியாது. ஆனால் ஸ்போரின் நிறத்தையும் அறைப்பாங்கையும் மட்டும் கொண்டு இக்குடும்பத்தைக் கிராஃபிஸ், கிராஃபினா, ஃபேயோகிராஃபிஸ், ஃபேயோகிராஃபினா என நான்காகப் பிரிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முறையை அது பின்பற்றியது. பெட்டினா ஸ்டைகர் 2002இல் அந்தப் பிரிவினையைக் கலைத்து, கனியுடலின் அமைப்பு உள்ளிட்ட வேறு பண்புகளின் அடிப்படையில் பேரினங்களைத் திருத்தி அமைத்தார். 2009இல் கிராஃபிஸ் பேரினத்துக்கு உலகளாவிய திறவுகோல் வெளிவந்தது. அதைக் கொண்டு மீண்டும் பார்த்தபோது, அவருடைய மாதிரி வேறொரு வெப்பமண்டல நாட்டிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட ஒரு கிராஃபிஸ் சிற்றினத்தோடு ஒவ்வொரு பண்பிலும் ஒத்துவந்தது. அதை இந்தியாவுக்குப் புதிய பதிவாக வெளியிட்டார். அந்தக் கட்டுரை இன்றும் பயன்படுகிறது.

திறவுகோலில் ஒரு மாதிரி பொருந்தாமல் போவதற்குப் புதுமையைத் தவிர வேறு காரணங்கள் ஏராளம். ஸ்போர்கள் முதிராமல் இருக்கலாம். பழுப்பாக வேண்டியவை இளமையில் நிறமின்றி இருக்கும். நிறமற்றவையும் முதிர்ந்து செத்தபின் பழுப்பேறும். ஒரே பட்டைத் துண்டில் இரண்டு லைக்கன்கள் பின்னி வளர்ந்திருக்கலாம். அதனால் வேறு மரத்திலிருந்தும் வேறு பருவத்திலும் மீண்டும் சேகரியுங்கள். எந்த மாதிரியிலும் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வேதிப்பொருட்களைப் பிரித்து அடையாளம் காணும் மெல்லடுக்கு வண்ணப்பிரிகையை 1970இல் சிக்கிட்டா கல்பர்சனும் உடன் ஆய்வாளரும் லைக்கன் பொருட்களுக்கென நெறிப்படுத்தித் தந்திருக்கிறார்கள். அதைச் செய்யாமல் வேதியியல் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

இவை எல்லாம் முடிந்த பிறகுதான் வகைமாதிரிகளோடு ஒப்பிடும் கட்டம் வரும். அருகிலுள்ள நாடுகளில் விவரிக்கப்பட்ட ஒத்த சிற்றினங்கள் அனைத்தையும், இப்போதைய பேரினப் பெயரில் மட்டுமன்றி முதன்முதலில் வெளியான பெயரிலும் தேட வேண்டும். நம் மலைகளின் லைக்கன்கள் பலவற்றின் வகைமாதிரிகள் நம் நாட்டில் இல்லை. பெரோத்தே என்ற சேகரிப்பாளர் நீலகிரியில் சேகரித்தவற்றை 1842இல் விவரித்த காமில் மோந்தாஞின் தொகுப்பு பாரிஸில் உள்ளது. நைலாண்டருடையது ஹெல்சிங்கியிலும், முல்லர் ஆர்கோவியென்சிஸுடையது ஜெனீவாவிலும், வைனியோவுடையது துர்க்குவிலும் இருக்கின்றன. பல காப்பகங்கள் இப்போது மின்படங்களை வெளியிடுகின்றன. ஆனால் படத்தில் ஸ்போர் தெரியாது. பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதி மாதிரியை இரவலாகக் கேளுங்கள், அல்லது அங்கே உள்ள ஓர் ஆய்வாளரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம். கட்டுரையும் அத்தனை மாதங்கள் காத்திருக்கலாம்.

டி.என்.ஏ. வரிசை வந்தால் போதும் என்று எண்ணுவது

பூஞ்சைகளுக்கான அடையாளப் பகுதியாக ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி 2012இல் ஏற்கப்பட்டது. ஆனால் தாலஸில் ஒட்டுண்ணிப் பூஞ்சைகளும், உள்ளே மறைந்து வாழும் வேறு பூஞ்சைகளும் உண்டு. எதனுடைய வரிசை கிடைத்தது என்பதைக் கனியுடலோடும் வேதியியலோடும் ஒப்பிட்டே அறிய முடியும். ஒரே மாதிரியின் ஒரே வரிசையைக் கொண்டு புதிய பெயர் வெளியிடுவதை நான் ஏற்பதில்லை.

லத்தீன் பால்விகுதி

பார்மீலியாவில் "நில்கெரென்சிஸ்" என்றிருந்தது, பார்மோட்ரீமாவுக்கு மாறியபோது "நில்கெரென்ஸ்" ஆனது. பேரினத்தின் பால் தெரியாமல் அடைமொழி இடாதீர்கள்.

பதிவு எண்ணையும் காப்பகத்தையும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளுவது

2012 முதல் விவரணையை லத்தீனுக்குப் பதில் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்ற சலுகை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2013 சனவரி 1 முதல் பூஞ்சைப் பெயர்களுக்கு, லைக்கன்கள் உட்பட, மைக்கோபேங்க் போன்ற ஏற்கப்பட்ட பதிவகத்தின் எண் கட்டுரையில் இருந்தாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எண் இல்லையென்றால் பெயர் செல்லாது. 1990 முதல் வெளியான பெயர்களுக்கு வகைமாதிரி எது என்பதோடு, அது எந்தக் காப்பகத்தில் உள்ளது என்பதையும் குறிப்பிட வேண்டும். அனுப்பப் போகிறோம் என்ற எண்ணத்தில் காப்பகத்தின் பெயரை எழுதிவிட்டுப் பின்னர் மறந்துபோவதுதான் நான் மேலே சொன்ன அலமாரிக் கதைக்குக் காரணம்.

நம் நாட்டின் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, புதிதாகக் கண்டறியும் எந்த உயிரினத்தையும் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். மாதிரி வந்து சேர்ந்ததற்கான சேர்க்கை எண்ணைப் பெற்று, அதைக் கட்டுரையில் எழுதிய பிறகே இதழுக்கு அனுப்புங்கள். ஒரே சேகரிப்பிலிருந்து எடுத்த இரட்டை மாதிரி இருந்தால், அதை இரண்டாவது காப்பகம் ஒன்றில் ஐசோடைப்பாக வையுங்கள்.