சொல்லுக்கு அடியில் இயங்கும் விசை: பெங்களூரில் ஒலிமாற்ற விதியைக் கண்டறியும் முறை

நந்தினி பால் கடையின் பலகையில் ‘ஹாலு’ என்று எழுதியிருப்பதும், கே.ஆர். மார்க்கெட்டில் பூ விற்பவர் ‘ஹூவு’ என்று கூவுவதும், பேருந்து நடத்துநர் ‘ஹத்து’ ரூபாய் கேட்பதும் தனித்தனிச் செய்திகள் அல்ல. பால், பூ, பத்து ஆகிய மூன்றின் முதலொலியிலும் கன்னடத்தில் ஒரே மாற்றம் நிகழ்ந்திருக்கிறது: பகரம் ஹகரமாகியிருக்கிறது. அதை ஆளும் விதியைப் பெங்களூர்த் தமிழர் எவரும் தாமே கண்டறியலாம். கன்னட இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் இணைச் சொற்களை, அதாவது தமிழிலும் கன்னடத்திலும் ஒரே பொருளில் ஒலியால் நெருங்கி நிற்கும் சொற்களை, திரட்டுங்கள். எண், உடலுறுப்பு, விலங்கு, அன்றாடச் செயல் ஆகியவற்றைக் குறிக்கும் அடிப்படைச் சொற்களே நம்பத்தக்கவை: புலி–ஹுலி, பல்–ஹல்லு, புல்–ஹுல்லு, பன்றி–ஹந்தி. ‘புஸ்தகம்’ போல இரு மொழிகளும் வடமொழியிலிருந்து பெற்றவற்றை இப்போதைக்குத் தனியே வையுங்கள்.

அடுத்து, மாறாத சொற்களைத் தேடுங்கள். உப்பு கன்னடத்திலும் உப்புதான், தப்பும் தப்புதான். ஆகவே, இந்த மாற்றம் சொல்லின் முதலில் வரும் பகரத்தை மட்டுமே தொட்டது என்று தெரிகிறது. பழங்கன்னடத்தில் ‘பால்’, ‘புலி’ என்றே வழங்கியவை, உதடுகளின் அடைப்பு தளர்ந்து, பின்னர் வெறும் மூச்சொலியாகத் தேய்ந்தன.

தமிழும் மாறியிருக்கிறது என்பதை இங்கே மறக்கக் கூடாது. கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. அங்கே கேரி, இங்கே சேரி. அங்கே கிரிய, இங்கே சிறிய. இவற்றில் ககரமே பழையது, சகரம் தமிழில் பின்னர் வந்தது. காரணத்தை உங்கள் வாயிலேயே சோதிக்கலாம். ‘கா’ என்றும் ‘கீ’ என்றும் மெதுவாகச் சொல்லுங்கள். இரண்டாவதில் நா அண்ணத்தைத் தொடும் இடம் முன்னோக்கி நகர்வதை உணர்வீர்கள். இகர, எகர உயிர்கள் இழுத்த அந்த இழுப்பே ககரத்தைச் சகரமாக்கியது. அப்படியானால் கேள், கெடு, கிணறு, கிழவன் ஆகியவை ஏன் தப்பின? அந்த உயிரை அடுத்து ள, ட, ண, ழ என நா நுனி பின்னோக்கி வளையும் ஒலிகள் நிற்கின்றன. எதிர்த்திசையில் செல்லும் அந்த வளைவு முன்னிழுப்பைத் தடுத்துவிட்டது. விதிவிலக்கு என்று நாம் ஒதுக்கும் சொற்களே இன்னொரு விசையைக் காட்டித் தருகின்றன என்பதால், இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிலத்தையும் இவ்வாறே படிக்கலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுமுதுகின் மீது அமைந்த இந்நகரில், மேற்கே சரியும் மழைநீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியை அடைகிறது. கிழக்கே சரிவது பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்கிறது. கட்டடங்களுக்கு அடியில் மறைந்துபோன சரிவை ஏரிகள் அமைந்திருக்கும் வரிசை காட்டிக்கொடுக்கும்.

நம் சிந்தனையிலும் ஒரு சரிவு உண்டு. பொருந்தும் இணைகளை மனம் விரைந்து பற்றிக்கொள்ளும், பொருந்தாதவற்றைப் பார்த்தும் கடந்துவிடும். ஆகவே குறிப்பேட்டில் பொருந்தாதவற்றுக்கு ஒரு பக்கத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் தொகுத்து 1984இல் இரண்டாம் பதிப்பாக வந்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் ஒவ்வொரு இணையையும் சரிபாருங்கள்; அங்கே இரு சொற்களும் ஒரே பதிவின் கீழ் இல்லையென்றால், ஒலி எவ்வளவு நெருங்கியிருந்தாலும் அந்த இணையைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.