0.8-ஐத் தொடாத கோடு

பெருங்குடல் புற்றுநோய் முதல் நிலையிலிருந்து நான்காம் நிலைக்குப் போகும்போது எந்த மரபணுக்கள் கூட்டாக ஏறி இறங்குகின்றன? அதைப் பார்க்கத்தான் டபிள்யூஜிசிஎன்ஏ எடுத்தேன்; சேர்ந்து அசையும் மரபணுக்களை மாட்யூல் என்ற குழுக்களாகப் பிரிக்கும் முறை அது. என் ஐயாவைக் கொண்டுபோனது இந்த நோய்தான். காரைக்குடி வீட்டு வளவில், தூணில் சாய்ந்து உட்கார்ந்து டிசிஜிஏ என்ற பொதுப் புற்றுநோய்த் தொகுப்பின் தரவை ஓட்டினேன்.

பவர் என்பது பலவீனமான தொடர்புகளை அமுக்கும் அடுக்கு எண். அதை 20 வரை ஏற்றியும் ஸ்கேல்-ஃப்ரீ பொருத்தம், அதாவது சில மரபணுக்களுக்கு மட்டும் நிறைய இணைப்புகள் உள்ள வலையமைப்போடு ஒத்துப்போகும் அளவு, வழக்கமான வரம்பான 0.8-ஐத் தொடவில்லை. மூன்று நாள் பவரையே மாற்றிக்கொண்டிருந்தேன். தப்பு அங்கே இல்லை.

மாதிரிகளை மட்டும் ஒற்றுமைப்படி கிளஸ்டர் செய்து (குழுவாக்கி) மரமாக வரைந்ததும் தெரிந்துவிட்டது. தனியாகப் பிரிந்த ஒரு கிளை முழுக்கப் புற்றில்லாத திசு! கட்டியையும் நல்ல திசுவையும் சேர்த்துப் போட்டால், அந்த ஒரே வித்தியாசத்தால் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஒன்றாக அசையும். கல்யாண வீட்டில் பார்ப்பவர் எல்லோரும் பங்காளியாகத் தெரிவதுபோல.

சரி, நல்ல திசுவை நீக்கினேன். மரபணு வெளிப்பாட்டு எண்ணிக்கைகளை லாக் அளவுக்கு மாற்றி, ஒரே திசையில் அசையும் மரபணுக்களை மட்டும் வலுவாக இணைக்கும் சைன்டு நெட்வொர்க் வைத்தேன். பவர் 12-லேயே பொருத்தக் கோடு 0.8-ஐத் தாண்டியது.

அப்புறம், நோய் நிலையோடு ஏறிய மாட்யூலைத் திறந்தால் சிஓஎல்1ஏ1, சிஓஎல்3ஏ1, ஸ்பார்க் என்ற மரபணுக்கள். கை நடுங்கியது. ஆனால் இவற்றை அதிகம் வெளிப்படுத்துபவை இணைப்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். எடுத்த துண்டில் இணைப்புத் திசு கூடுதலாக இருந்தாலே இந்த மாட்யூல் ஏறும். அதனால் கட்டித் தூய்மை அளவையும் (மாதிரியில் புற்றுச் செல்களின் பங்கு) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் இப்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்த ஒற்றைச் செல் தரவில் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.