வடிவமைப்பும் பட்ஜெட்டும் ஒரே தாளில்: அன்றாடச் சூழலில் மருத்துவ ஆய்வு தொடங்குவோருக்கு

முதல்முறை ஆய்வுக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் வடிவமைப்பை முழுசாக முடித்துவிட்டு, அப்புறம்தான் பணத்தைப் பற்றி யோசிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கிளினிக்கின் வழக்கமான வேலைக்கு நடுவே நடக்கும் ஆய்வில் இது சரிப்படாது. யாரைச் சேர்ப்பது, எதை அளப்பது என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் செலவுக் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பழகுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: நர்ஸ் மாதம் ஒருமுறை போன் செய்து மாத்திரையை நினைவூட்டினால், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வருமா?

படி 1: பதில் யாருக்கு வேண்டும்?

1967-இல் டேனியல் ஷ்வார்ட்ஸ், ஜோசப் லெலூஷ் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் மருத்துவ ஆய்வுகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, இந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது. இன்னொன்று, இருக்கிற சூழலில் இரண்டு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்பது. நம்முடையது இரண்டாவது வகை. எனவே கேள்விக்குக் கீழேயே ஒரு வரி எழுதுங்கள்: 'பதில் கிடைத்தால் இன்னார் இன்ன முடிவை எடுப்பார்.' அந்த 'இன்னார்' யாரென்று தெரியாவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: சக்கரம் வரையுங்கள்

2015-இல் வெளியான பிரெசிஸ்-2 என்ற கருவி ஒன்பது ஆரங்கள் கொண்ட சக்கரம். யாரைச் சேர்க்கிறோம், எங்கே நடத்துகிறோம், எப்படிப் பின்தொடர்கிறோம் என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். 5 என்றால் அன்றாட நடைமுறைக்கு மிக அருகில் இருக்கிறது. எல்லா ஆரத்திலும் 5 வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறைவாகப் போட்ட இடத்துக்குக் காரணம் சொல்லத் தெரிந்தால் போதும்.

புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'இந்த வாரம் எல்லாருக்கும் போன் செய்தீர்களா?' என்று ஆய்வுக்குழு வாராவாரம் நர்ஸைக் கேட்டால், அந்த விசாரிப்பும் சிகிச்சையின் பகுதியாகிவிடும். ஆய்வு முடிந்த மறுநாள் அப்படி விசாரிக்க ஆள் இருக்காது.

படி 3: குலுக்கல் யாருக்கு?

ஒரே நர்ஸ் ஒரு நோயாளிக்குப் போன் செய்துவிட்டு, பக்கத்து நோயாளிக்குச் செய்யாமல் இருப்பது கஷ்டம். அதனால் யாருக்குப் போன், யாருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிக்கும்போது, நோயாளிகளை விட்டுவிட்டு கிளினிக்குகளைக் குலுக்கி இரண்டு சம பக்கங்களாகப் பிரிக்கிறோம். இதற்குக் கிளஸ்டர் ஆய்வு என்று பெயர். ஆனால் ஒரே கிளினிக்கின் நோயாளிகள் ஒருவருக்கொருவர் ஓரளவு ஒத்திருப்பார்கள். அதற்கு ஈடாகக் கூடுதல் ஆட்கள் தேவைப்படும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களை 40 சதவீதத்திலிருந்து 30-ஆகக் குறைக்க முடியும் என்று எதிர்பார்க்கிறோம். வழக்கமான 80 சதவீதப் புள்ளியியல் வலிமை (உண்மையான பலனைத் தவறவிடாமல் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழை வரம்பு (இல்லாத பலனை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு) என்று வைத்தால், ஆளாளுக்குக் குலுக்கும்போது சுமார் 710 பேர் போதும். கிளஸ்டர் என்றால் இதை '1 + (கிளினிக்குக்கு எத்தனை பேர் – 1) × ஒப்புமைக் கெழு' என்பதால் பெருக்க வேண்டும். ஒரே கிளினிக்கின் நோயாளிகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண்தான் இந்தக் கெழு. கிளினிக்குக்கு 30 பேர், கெழு 0.05 என்றால் பெருக்குத்தொகை 2.45. ஆக 58 கிளினிக்குகள், 1,740 பேர்.

'அவ்வளவு கிளினிக் கிடைக்காது, ஒவ்வொன்றிலும் 60 பேரை எடுத்துக்கொள்ளலாமே' என்று தோன்றும். அப்போது பெருக்குத்தொகை 3.95 ஆகிவிடும். இரு பக்கமும் சமமாக வர 48 கிளினிக், 2,880 பேர். ஆட்கள் ஆயிரத்துக்கு மேல் கூடியும் குறைந்தது பத்தே பத்து கிளினிக்! இருந்தாலும் அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். நோயாளி விவரம் பதிவேட்டிலிருந்தே கிடைத்தால் கூடுதல் ஆளுக்குச் செலவு குறைவு. புதிய கிளினிக்குக்கோ பயிற்சி, அனுமதி, பயணம் எல்லாம் உண்டு. எது மலிவு என்பது உங்கள் பட்ஜெட் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

படி 4: இருக்கும் பதிவேட்டைப் பயன்படுத்துங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

2013-இல் வெளியான டேஸ்ட் ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தக்குழாயிலிருந்து உறைந்த ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுப்பதால் பலன் உண்டா என்று 7,244 பேரிடம் பார்த்தார்கள். ஸ்வீடனில் ஏற்கெனவே இருந்த இதயநோய்ப் பதிவேட்டுக்குள்ளேயே குலுக்கலும் பின்தொடர்தலும் நடந்தன. 30 நாள் இறப்பு குறையவில்லை என்பது முடிவு. மிகக் குறைந்த கூடுதல் செலவில் அந்தப் பதில் கிடைத்தது.

அங்கே அளந்தது இறப்பு. அதில் குழப்பத்துக்கு இடமில்லை. நம்முடையது ரத்த அழுத்தம். கிளினிக்குக்கு வந்தால்தான் பதிவாகும். போன் வந்தவர்கள் அடிக்கடி வருவார்கள், அவர்களுடைய அளவே அதிகம் பதிவாகும். மற்ற பக்கத்தில் வராதவர்களின் கட்டம் காலியாகவே கிடக்கும். எனவே ஆறாவது மாதம் இரு பக்கத்தாருக்கும் ஒரே மாதிரி அளக்க ஓர் ஏற்பாடு வேண்டும். அதற்கான செலவை இப்போதே தாளில் ஏற்றுங்கள்.

படி 5: எதிக்ஸ், பதிவு

கிளினிக் நிர்வாகி சம்மதித்தால் நோயாளியும் சம்மதித்ததாக ஆகாது. கிளஸ்டர் ஆய்வுகளுக்கென்றே 2012-இல் வந்த ஒட்டாவா அறிக்கை இதைத் தெளிவாகப் பேசுகிறது. எதிக்ஸ் கமிட்டிக்குப் போகுமுன் படித்துவிடுங்கள். முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவகத்தில் ஆய்வைப் பதிவுசெய்யவும் வேண்டும். பெரிய மருத்துவ இதழ்கள் 2005-லிருந்தே இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

படி 6: நர்ஸின் நேரத்துக்கு யார் பணம் தருவது?

கிளினிக்குக்கு 30 பேர் என்ற திட்டத்தையே வைத்துக்கொள்வோம். போன் வரும் பக்கத்தில் 870 பேர். மாதம் ஒன்று வீதம் ஆறு மாதத்துக்கு 5,220 அழைப்புகள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 870 மணி நேரம். எடுக்காத அழைப்புகள் இதில் சேரவில்லை. என் முதல் பட்ஜெட்டில் புள்ளியியலாளருக்கும் கணினிக்கும் இடம் இருந்தது, இந்த மணிநேரங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. நிதி விண்ணப்பத்தைப் பார்த்த மதிப்பீட்டாளர் கண்ணில் முதலில் பட்டதே அதுதான்.

செலவை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: ஆய்வு முடிந்ததும் நின்றுவிடும் செலவு ஒன்று, சிகிச்சையைத் தொடர்ந்தால் கூடவே தொடரும் செலவு மற்றொன்று. நர்ஸின் நேரம் இரண்டாவது வகை. இங்கிலாந்தில் 2012-இன் அரசு வழிகாட்டுதல்படி, சிகிச்சைச் செலவு ஆய்வு நிதியில் சேராது, சுகாதாரச் சேவையின் வழக்கமான நிதியிலிருந்து வர வேண்டும். வேறு இடங்களில் விதி வேறாக இருக்கலாம். விண்ணப்பத்துக்கு முன்பே நிதி அமைப்பிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: சிறிதாகக் கேளுங்கள்

முழுத் தொகையையும் ஒரே மூச்சில் கேட்பதைவிட, முதலில் பைலட்டுக்கு, அதாவது சிறிய முன்னோட்ட ஆய்வுக்கு, கேட்பது நல்லது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களே இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு, திட்டமிடும் கட்டம் ஒன்று, அதில் தேறினால் நடத்தும் கட்டம் என்று இரண்டாகப் பிரித்து நிதி தந்திருக்கின்றன. பைலட்டில் 'சிகிச்சை பலன் தந்ததா?' என்று பார்க்காதீர்கள், அதற்கு ஆள் போதாது. கேட்ட கிளினிக்குகளில் எத்தனை சேர்ந்தன, எத்தனை அழைப்புகள் உண்மையில் போயின, ஆறாவது மாத அளவு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆய்வை நிறுத்துவீர்கள் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக, முதல் படியில் குறித்த அந்த 'இன்னாரிடம்' ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். 'ஆய்வுக்கு ஆதரவு தருகிறோம்' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பலன் உண்டு என்று வந்தால் என்ன செய்வார், இல்லை என்று வந்தால் என்ன செய்வார் என்று இரண்டு வரி அவர் கையால் எழுதித் தரட்டும்.