ஊசிதான் உசத்தி என்று நினைக்காதீர்கள்

முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அத்தையைக் கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்கு அழைத்து வந்தோம். காலில் ரத்தம் உறையாமல் இருக்க, தினம் ஒரு எனாக்ஸபாரின் ஊசி, வயிற்றில். வீட்டில் முதல் ஊசி போட்டதும் அத்தையின் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்த்தது. மறுநாள் பார்த்தால் ஐந்து ரூபாய் அளவுக்கு நீலமாகக் கன்றியிருந்தது. இந்த ஊசியைப் போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலை மடிப்பாகப் பிடித்துக் குத்த வேண்டும். இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம்.

ஐந்தாம் நாள் டாக்டர் ரிவராக்சபான் மாத்திரைக்கு மாற்றினார். அத்தையின் முகம் வாடிவிட்டது. "ஊசி போட்டாத்தாம்ப்பா கேக்கும்!" எங்கள் பக்கத்தில் பலருக்கும் இதே எண்ணம்தான். ஆனால் ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புது மாத்திரைகளும் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அடுத்த ஊசி போட வேண்டிய நேரத்தில் மாத்திரை, அவ்வளவுதான். பயத்தில் இரண்டையும் சேர்த்து எடுத்தால் ரத்தக்கசிவு வரலாம்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் பழைய மாத்திரைகளான வார்ஃபரின், அசினோகுமரால் கதை வேறு. இவை முழுதாக வேலை செய்யச் சில நாள் ஆகும். காலில் ஏற்கெனவே ரத்தம் கட்டியாக உறைந்தவருக்கு டாக்டர் வார்ஃபரினையும் ஊசியையும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான். குறைந்தது ஐந்து நாள், அதோடு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) அளவு 2-ஐத் தொட்டு ஒரு நாளாவது நிலைக்கும்வரை ஊசி தொடரும். "மாத்திரைதான் ஆரம்பிச்சாச்சே" என்று நாமே ஊசியை நிறுத்துவது ஆபத்து. இதயத்தில் செயற்கை உலோக வால்வு வைத்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறாரே என்று புது மாத்திரைக்கு மாறவே கூடாது. கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் ஊசிதான்.

அப்புறம் கீரை. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி நிற்கும் ஊர் இது. துவாதசியன்று அகத்திக்கீரை இல்லாமல் இலை போட மாட்டார்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையை அடியோடு விட வேண்டாம், வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். ஒரு வாரம் துளியும் இல்லாமல் அடுத்த வாரம் இரண்டு கட்டு என்றால்தான் ஐஎன்ஆர் தாறுமாறாகும். புது மாத்திரைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

எனக்கு உண்மையான பயம் வலி மாத்திரைதான். நடவு முடிந்து வரும் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஊசியோடு சேர்ந்தாலும் சரி, மாத்திரையோடு சேர்ந்தாலும் சரி, வயிற்றுக்குள் ரத்தம் கசிய வைத்துவிடலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டாலும் அப்படித்தான். வெளியே ரத்தம் வரவில்லையே என்று காத்திருக்காமல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.