பழைய ரேஸ் கேம்ஷாஃப்டும் பழைய டேப்பட்டும்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் மோரிஸ் மைனரின் இன்ஜினைப் பிரித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பழைய ராலி கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டு) பொருத்தி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதன் எட்டு லோப்களில், அதாவது தண்டில் துருத்தி நிற்கும் மேடுகளில், மூன்று மழுங்கியிருந்தன. முதன்முதலில் நான் கெடுத்த இன்ஜினும் இப்படித்தான் கிடந்தது.

பழைய ரேஸ் கேம்ஷாஃப்ட் வாங்கிப் பொருத்துபவர்கள் செய்யும் தவறுகள்தான் இங்கே பேச்சு. போல்ட்டை இறுக்க மறப்பது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவை தானாகப் பிடிபடும்.

பழைய டேப்பட்டை மீண்டும் போடுவது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மோரிஸ் மைனரில் வரும் 948, 1098 சிசி ஏ-சீரிஸ் இன்ஜின்களில் பக்கவாட்டு மூடிகளைத் திறந்தால் டேப்பட்டுகள் (லோப்பின் மேல் அமர்ந்து அதன் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் துண்டுகள்) கைக்கு எட்டும். எட்டையும் எடுத்து ஒரே டப்பாவில் கொட்டிவிடுகிறார்கள். அங்கேதான் நாசம் தொடங்குகிறது.

லோப் கண்ணுக்குத் தெரியாத சரிவோடு தீட்டப்பட்டிருக்கும். டேப்பட்டின் முகம் மிக இலேசாகக் குவிந்திருக்கும். இரண்டும் சேர்ந்துதான் டேப்பட்டைச் சுழலவைக்கின்றன. தேய்ந்து தட்டையான டேப்பட் சுழலாது. ஒரே இடத்தில் உராய்ந்து லோப்பைச் சீவித் தள்ளும். சீவிய இரும்புத் தூள் எண்ணெயோடு பேரிங்குகளுக்குப் போகும். டேப்பட் விலையை மிச்சம் பிடித்தவர் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் வரை செலவழிக்கிறார்.

இரண்டு டேப்பட்டுகளை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடியுங்கள். இலேசாக ஆடினால் குவிவு மிச்சமிருக்கிறது. ஆடாமல் ஒட்டி நின்றாலோ, நடுவே வெளிச்சம் தெரிந்தாலோ வீசிவிடுங்கள். ஓடிய கேம்ஷாஃப்டோடு அதன் சொந்த டேப்பட்டுகளும் கிடைத்தால், எது எந்த லோப்புக்குரியது என்ற குறிப்பும் வேண்டும். குறிப்பு இல்லையென்றால் எட்டும் புதிதாகவே இருக்கட்டும். அந்த இளைஞரிடம் டப்பா மட்டுமே இருந்தது.

முதல் இருபது நிமிடம்

புதிய டேப்பட் போட்டும் கெடுப்பவர்கள் உண்டு. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டுவிட்டு கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பார்கள். லோப்புக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க்ஷாஃப்ட் வீசியடிப்பதில்தான் கிடைக்கிறது. ஐடிலில் அது போதாது. லோப்களில் அசெம்பிளி பேஸ்ட் (பொருத்தும்போது பூசும் மசகு) தடவி, இக்னிஷன் டைமிங்கை முன்பே சரிசெய்து, ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து நிமிடத்துக்கு 2000 சுழற்சிக்குக் குறையாமல் 20 நிமிடம் ஓட்டுங்கள். எண்ணெயில் ஜிங்க், பாஸ்பரஸ் போதிய அளவு இருக்கவேண்டும். கேடலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக இன்றைய கார் எண்ணெய்களில் இவற்றைக் குறைத்துவிட்டார்கள்.

பொறித்த எண்ணை நம்புவது

மோரிஸ் கார்களைத் தயாரித்த பிஎம்சி நிறுவனத்துக்கு இங்கிலாந்தின் ஆபிங்டனில் இயங்கிய ஸ்பெஷல் டியூனிங் பிரிவின் 731, 649 என்ற கேம்ஷாஃப்ட் எண்களைக் கேட்டதும் பலர் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். எந்தக் கேம்ஷாஃப்டை மறுபடி தீட்டினாலும் பழைய எண் அப்படியே இருக்கும். லோப்பில் இருப்பது வேறு வடிவம். உயரத்தை அளக்கும் டயல் கேஜும் கோணத்தை அளக்கும் டிகிரி வட்டும் வைத்து அளந்து பாருங்கள். வால்வு திறந்திருக்கும் அளவு ‘300 டிகிரி’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த லிஃப்டிலிருந்து, அதாவது எவ்வளவு உயர்ந்த பிறகு, எண்ணினார்கள் என்று கேளுங்கள். 0.050 அங்குலத்திலிருந்து அளந்தால்தான் இரண்டு கேம்களை ஒப்பிட முடியும். லோப்பின் லிஃப்டையும் வால்வின் லிஃப்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கர், ஏ-சீரிஸில் லோப்பின் லிஃப்டை ஏறக்குறைய 1.25 மடங்கு பெருக்குகிறது.

தெருவில் ஓட்ட 649

வேண்டாம். அது பந்தயத்துக்குத் தீட்டியது.

ஆயில் பம்ப்

கேம்ஷாஃப்டின் பின்முனைதான் பம்பைச் சுழற்றுகிறது. இரண்டும் இணையும் முறையில் பின் (pin), ஸ்பைடர், ஸ்லாட் என மூன்று வகை. பம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் கேம்ஷாஃப்டை வாங்குங்கள்.