லண்டனில் காசில்லாமல் மியூசியம் பார்க்க

இங்கிலாந்தின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்க 2001 டிசம்பர் முதல் கட்டணம் இல்லை. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், நேச்சுரல் ஹிஸ்டரி, சயின்ஸ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அதனால் ஒரே நாளில் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்று ஓடத் தேவையில்லை. ஒன்றரை மணி நேரம், இரண்டு மூன்று அறைகள், அவ்வளவு போதும். மீதியை இன்னொரு நாள் பார்க்கலாம். காலை பத்து மணிக்கு நுழைந்து பிரிட்டிஷ் மியூசியம் முழுவதையும் சுற்ற நினைப்பவர்கள் மதியத்துக்குள் கால் வலித்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இலவசம் என்றாலும் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். நேரம் குறித்த இலவச டிக்கெட் மியூசியத்தின் சொந்த இணையதளத்திலேயே கிடைக்கும். பதிவு செய்யாமல் போனாலும் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள், ஆனால் விடுமுறை நாட்களில் அந்த வரிசை நீளம். இங்கே இரண்டு இடத்தில் ஏமாறலாம். கூகுளில் தேடினால் முதலில் வருவது இந்த இலவச நுழைவையே காசுக்கு விற்கும் வேறு தளமாக இருக்கலாம். பணம் கேட்டால் மூடிவிடுங்கள். அடுத்தது, பதிவின் நடுவே வரும் நன்கொடைப் பக்கம். விருப்பமிருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் அந்தத் தொகையை எடுத்துவிட்டு மேலே போகலாம். நன்கொடைக்கான வரிச் சலுகையைக் கேட்கும் ‘கிஃப்ட் எய்ட்’ பெட்டி பிரிட்டனில் வரி கட்டுபவர்களுக்கு மட்டும். சுற்றுலா வந்தவர்கள் அதை டிக் செய்யக் கூடாது. வாசலில் இருக்கும் உண்டியலுக்கும் இதே கதைதான், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். சிறப்புக் கண்காட்சிகளுக்கும், சயின்ஸ் மியூசியத்தின் ‘வொண்டர்லேப்’ போன்ற சில பகுதிகளுக்கும் தனிக் கட்டணம் உண்டு.

பிரிட்டிஷ் மியூசியத்தில் எல்லோரும் கிரேட் ரஸ்ஸல் தெரு வாசலில் நுழைந்து, நேராக 4ஆம் அறையில் இருக்கும் எகிப்தியக் கல்வெட்டான ரோசட்டா கல்லுக்குப் போகிறார்கள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக் கைபேசிகள்தான் தெரியும், கல் தெரியாது. பின்பக்க மான்டேகு பிளேஸ் வாசல் திறந்திருந்தால் அதில் நுழையுங்கள். அங்கிருந்து 33ஆம் அறை பக்கம். சோழர் கால நடராஜர் செப்புத் திருமேனி அங்கேதான் இருக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் கிடைத்த, பொன்முலாம் பூசிய எட்டாம் நூற்றாண்டுச் சிலையும் அதே அறையில்: பௌத்தப் பெண் தெய்வமான தாரா. ஏறக்குறைய முக்கால் ஆள் உயரச் சிலை. ஒரு சுற்று சுற்றிப் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள், இடுப்பின் வளைவு நேரே நின்றால் பிடிபடாது. அறையின் கோடியில் 33ஏ, ஆந்திரத்தின் அமராவதி பௌத்தத் தூபியின் சிற்பங்கள். கதவு பூட்டியிருந்தாலும் கண்ணாடி வழியே பார்க்கலாம். அதே தூபியின் இன்னொரு பெரிய தொகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதால், அதைப் பார்த்தவர்களுக்கு இந்த அறை இரட்டிப்பாகப் பேசும். ரோசட்டா கல்லை, மியூசியம் மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கலாம். கூட்டமே பிடிக்காது என்றால் 1ஆம் அறையில் அதன் பிரதி இருக்கிறது, தொட்டே பார்க்கலாம்.

தினமும் மாலை 5 மணிக்கு மூடும் பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமை 8.30 வரை திறந்திருக்கும். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அன்று இரவு 10 வரை, நேஷனல் கேலரி 9 வரை. வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல்தான் எங்கள் முதல் பரிந்துரை: பள்ளிக் குழந்தைகள் கிடையாது, சுற்றுலாப் பேருந்துகளும் போயிருக்கும்.

குழந்தைகளோடு நேச்சுரல் ஹிஸ்டரி போகிறவர்கள் எந்த வாசல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குரோம்வெல் சாலை வாசலில் நுழைந்தால் 25 மீட்டர் நீல திமிங்கில எலும்புக்கூடு தலைக்கு மேல், டைனோசர்கள் பக்கத்தில். எக்சிபிஷன் சாலை வாசலில் நுழைந்தால் எரிமலை, நிலநடுக்கப் பகுதி. அங்கிருந்து டைனோசருக்குக் கட்டடத்தின் மறுகோடி வரை நடக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் பாதியிலேயே தூக்கச் சொல்லும். பள்ளி நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறையும். அக்டோபர் கடைசி, பிப்ரவரி நடு, மே கடைசியில் வரும் அரைப் பருவ விடுமுறை வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து நேச்சுரல் ஹிஸ்டரி, சயின்ஸ், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மூன்றுக்கும் சுரங்க நடைபாதை உண்டு, மழையில் நனைய வேண்டாம். ஆனால் ஸ்டேஷனில் படிகள் அதிகம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போனால் 74ஆம் எண் பேருந்து மேல். பெரிய மியூசியங்களில் சக்கர நாற்காலியை இலவசமாகவே தருவார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே போகாதீர்கள். உருளைப் பெட்டியைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் விடமாட்டார்கள். நேஷனல் கேலரியில் ஓவியங்கள் மீது சூப் ஊற்றிய போராட்டங்களுக்குப் பிறகு 2024 அக்டோபரில் தண்ணீர் பாட்டிலுக்கே தடை வந்தது. குழந்தைப் பாலுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. அன்றைய விதியைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பிட்ட பொருளுக்காகவே போகிறீர்கள் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. உதாரணமாக, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டின் திப்பு சுல்தான் புலிப் பொம்மை. மியூசியத் தளத்தின் சேகரிப்புப் பகுதியில் அதன் பெயரைத் தேடினால், இப்போது காட்சியில் இருக்கிறதா, எந்த அறை என்று காட்டும். அறைகளைப் புதுப்பிப்பதும் பொருள்களை இடம் மாற்றுவதும் நடந்துகொண்டே இருப்பதால் பழைய பயணக் குறிப்புகளில் உள்ள அறை எண்ணை நம்பிப் போய் வெறும் சுவரைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு.

இன்னும் நேரமிருந்தால் ஹோல்பர்ன் பக்கம், இப்போது மியூசியமாக இருக்கும் கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன் வீடு. புதன் முதல் ஞாயிறு வரைதான். ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள், அதனால் வாசலில் கொஞ்சம் நிற்க வேண்டிவரும். ஓவிய அறையின் சுவர்கள் கதவுபோல் திறக்கும், உள்ளே இன்னொரு அடுக்கு ஓவியங்கள்; ஊழியர் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருங்கள்.

டிசம்பர் 24, 25, 26 தேதிகளில் பெரிய மியூசியங்கள் மூடியிருக்கும். 25 அன்று டியூப் என்ற சுரங்க ரயிலும் பேருந்தும் கூட ஓடாது.