பைரசி தடையில் உங்கள் தளம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது

பெரிய படம் வெளியாகிற வாரத்தில் உங்கள் தளம் இந்தியாவில் மட்டும் திறக்கவில்லை என்றால், உடனே ஹோஸ்டிங் நிறுவனத்தைத் திட்டாதீர்கள். தன் படத்தின் திருட்டுப் பிரதி இணையத்தில் வராமல் தடுக்க ஏதோ ஒரு தயாரிப்பாளர் உயர் நீதிமன்றத்தில் வாங்கிய தடை உத்தரவுப் பட்டியலில் உங்கள் முகவரியும் சேர்ந்திருக்கலாம். சப்டைட்டில் தளம், பட விமர்சனம், பழைய பாட்டுப் புத்தகங்களின் ஸ்கேன், கோப்பு சேமிப்பு, எதை நடத்தினாலும் இந்த ஆபத்து உண்டு. "நான்தான் எந்தப் படத்தையும் ஏற்றவில்லையே" என்று நிம்மதியாக இருக்க முடியாது. 2017 ஆகஸ்டில், உலகத்தின் பழைய இணையப் பக்கங்களையும் புத்தகங்களையும் சேர்த்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவே இப்படி முடக்கப்பட்டது. இரண்டு இந்திப் படங்களுக்காக சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவு அது. பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட முகவரிகள்.

முதல் வேலை, இது தடைதானா என்று உறுதி செய்வது. வேறு வேறு நிறுவனங்களின் மொபைல் டேட்டாவிலும் வீட்டு பிராட்பேண்டிலும் திறந்து பாருங்கள், வெளிநாட்டில் இருக்கும் நண்பரிடமும் திறக்கச் சொல்லுங்கள். அங்கே திறந்து இங்கே திறக்காவிட்டால் தடை என்றே வைத்துக்கொள்ளலாம். சில நேரம் "தொலைத்தொடர்புத் துறை உத்தரவுப்படி முடக்கப்பட்டது" என்கிற வகையில் ஒரு செய்தி வரும்; ஹெச்டிடிபிஎஸ் முகவரி என்றால் பெரும்பாலும் அதுகூட வராது, இணைப்பு அறுந்துவிட்டதாக மட்டும் காட்டும். எது வந்தாலும் தேதி, நேரம், நிறுவனத்தின் பெயர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பின்னால் மனுவோடு இணைக்க வேண்டியது இதைத்தான். விபிஎன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது படிக்கிறவரின் வழி, தளம் நடத்துகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அடுத்து, எந்த உத்தரவு என்று கண்டுபிடிக்க வேண்டும். எரிச்சலான வேலை இதுதான், ஏனென்றால் உங்களுக்கு நோட்டீஸே வந்திருக்காது. இந்த வழக்குகளில் முகம் தெரியாத பிரதிவாதிகளுக்கு 'அசோக் குமார்' என்று பெயர் போட்டு, கூடவே இணையச் சேவை நிறுவனங்களைச் சேர்த்து, படம் வெளியாவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு வாங்கிவிடுவார்கள். அந்த வாரம் வெளியான படங்களின் தயாரிப்பு நிறுவனப் பெயர்களை வைத்து சென்னை, டெல்லி, மும்பை உயர் நீதிமன்றத் தளங்களில் வழக்குகளைத் தேடுங்கள். சேவை நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, எந்த வழக்கு எண்ணின்படி முடக்கினீர்கள் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தொலைத்தொடர்புத் துறைக்கு ஆர்டிஐ போடலாம். "தடை விவரம் ரகசியம்" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். அந்த ரகசிய விதி தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் அரசு போடும் தடைகளுக்கானது. அந்தப் பிரிவு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு மாதிரி காரணங்களைச் சொல்கிறதே தவிர காப்புரிமை (காப்பிரைட்) பற்றிப் பேசவில்லை. உங்களை முடக்கியது சிவில் வழக்கில் வந்த நீதிமன்ற உத்தரவு என்றால் 69ஏ இதில் வரவே வராது.

வழக்கு எண் கிடைத்ததும் முதலில் தயாரிப்பாளரின் வக்கீலுக்கே ஒரு கடிதம் போடுங்கள். செலவில்லாத வழி. எந்த லிங்க்கில் உங்கள் படம் இருக்கிறது என்கிறீர்கள், காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் பட்டியலிலிருந்து எங்களை நீக்கிவிட்டதாக நீதிமன்றத்துக்கும் சேவை நிறுவனங்களுக்கும் எழுதுங்கள் என்று கேளுங்கள். அசையாவிட்டால் ஒரு வக்கீலை வைத்து, சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 1 விதி 10-ன்படி வழக்கில் உங்களைச் சேர்க்கவும், ஆர்டர் 39 விதி 4-ன்படி இடைக்கால உத்தரவை மாற்றவோ நீக்கவோ மனு போட வேண்டும். எதிர்த் தரப்பைக் கேட்காமல் கொடுத்த உத்தரவுகளில் 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க முயல வேண்டும் என்று விதி 3ஏ சொல்கிறது, அதையும் வக்கீலுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

மனுவில் என்ன கேட்பது? 'தடையை நீக்கு' என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள், தவறு இருக்கிற லிங்க்கை மட்டும் முடக்கு என்றும் சேர்த்துக் கேளுங்கள். இதற்கு நல்ல முன்னுதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. 2012-ல் '3' படத்துக்காக வாங்கிய உத்தரவைக் காட்டி விமியோ, டெய்லிமோஷன் என்று முழுத் தளங்களையே நிறுவனங்கள் முடக்கின. கூச்சல் கிளம்பி, சேவை நிறுவனங்கள் நீதிமன்றம் போன பிறகு, அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தடை படம் இருக்கும் குறிப்பிட்ட யூஆர்எல்லுக்குத்தான், முழுத் தளத்துக்கு இல்லை. அப்புறம் 2016-ல் மும்பையில் நீதிபதி கௌதம் படேல், 'டிஷூம்' படத் தரப்பு கொண்டுவந்த பட்டியலை அப்படியே ஏற்காமல், ஒவ்வொரு லிங்க்கையும் சரிபார்த்துப் பிரமாணம் செய்யச் சொன்னார். முடக்கிய பக்கத்தில் வழக்கு விவரமும், பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிடலாம் என்பதும் இருக்க வேண்டும் என்றார். (அப்போது முடக்கிய பக்கங்களில் 'பார்ப்பதே குற்றம்' என்கிற தொனியில் ஒரு வாசகம் வந்துகொண்டிருந்தது. வெறுமனே பார்ப்பது தண்டனைக்குரிய குற்றம் இல்லை, வாசகத்தைத் திருத்துங்கள் என்று சொன்னதும் அவர்தான்.)

ஆனால் எதிர்த் தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். 2019 ஏப்ரல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுப்பார். பைரசியே தொழிலாக வைத்திருக்கும் தளங்களை லிங்க் லிங்க்காகத் துரத்த வேண்டாம், முழுசாக முடக்கலாம், அதே தளம் வேறு முகவரியில் முளைத்தால் புது வழக்கு போடாமலே பட்டியலில் சேர்க்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. தயாரிப்பாளர் பக்கம் இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வசூலில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே முடிந்துவிடுகிறது, தமிழ்ராக்கர்ஸ் மாதிரி ஆட்களோ நாளுக்கொரு டொமைன் மாற்றினார்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மனு போட்டுக்கொண்டிருக்க யாரால் முடியும்? என் சண்டை தடையோடு இல்லை, பட்டியலை யார் சரிபார்த்தார் என்பதோடுதான். தயாரிப்பாளர் தரப்பு கொடுத்த பட்டியல் அப்படியே உத்தரவாக மாறும்போது நடுவில் ஒரு மனிதக் கண்கூட அதை வரி வரியாகப் படித்திருக்காது.

அதனால் உங்கள் தளம் அந்த 'தொழிலாகச் செய்யும்' வகை இல்லை என்று காட்டுவதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம், அதை இன்றைக்கே தயார் செய்யலாம். அந்த டெல்லித் தீர்ப்பு பார்க்கச் சொல்லும் விஷயங்களில் சில: நடத்துகிறவர் அடையாளத்தை மறைக்கிறாரா, நோட்டீஸ் வந்தும் கண்டுகொள்ளவில்லையா, தளத்தின் முதன்மை நோக்கமே திருட்டுப் பிரதிதானா. ஆக, தளத்தில் தொடர்பு மின்னஞ்சல் ஒன்று இருக்கட்டும், அதை தினமும் பாருங்கள். பயனர்கள் கோப்பு ஏற்றும் தளம் என்றால் காப்புரிமைப் புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுங்கள், எடுத்ததைப் பதிவு செய்துவையுங்கள். புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அந்தக் கோப்பைத் திரும்ப வைக்கலாம் என்று காப்புரிமைச் சட்டம் 52(1)(சி) சொல்கிறது; நிறைய பேர் எடுத்ததோடு மறந்துவிடுகிறார்கள்.

நீதிமன்றம் வழியாக இல்லாமலும் தடை வரலாம். ஒளிப்பதிவுச் சட்டத்தை 2023-ல் திருத்திய பிறகு, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்த நவம்பரில் பைரசிப் புகார்களைக் கவனிக்க 12 அதிகாரிகளை நியமித்தது. புகார் சரி என்று அவர்கள் சொன்னால், அந்த லிங்க்கைத் தளம் 48 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இதில் மாட்டினால் வழக்கு எண்ணைத் தேடி அலையாமல், அந்த அதிகாரியின் உத்தரவு நகலை நேராக அமைச்சகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

சாதகமான உத்தரவு கிடைத்தாலும் தளம் தானாகத் திறந்துவிடாது. சான்றளித்த நகலை வாங்கி, தொலைத்தொடர்புத் துறைக்கும், உங்களை முடக்கிய ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து மதுரையிலோ மும்பையிலோ இருக்கும் நண்பர்களிடம் அவரவர் இணைப்பில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்காத நிறுவனத்துக்கு இரண்டாவது கடிதத்தில் உத்தரவின் தேதியோடு நீதிமன்ற அவமதிப்பு என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.